சூடு போன இடம்

பாலக்காட்டுச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருடமாக ரேடியேட்டர் கடை வைத்திருக்கிறேன். என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் வண்டி சூடாகிறது என்றுதான் கூப்பிடுவார்கள். சூடாகவில்லை என்று கூப்பிட்டது யோகப்பிரியா மட்டும்தான்.

மாசி மாதத்து வெயில். மத்தியானச் சோற்றுக்கு அப்போதுதான் கை கழுவியிருந்தேன்.

"ஷஹீரண்ணா, கொஞ்சம் வடகரப்பதி வரைக்கும் வந்துட்டுப் போறீங்களா? எஞ்சின்ல நடு அறை சூடே ஆக மாட்டீங்குது."

"ஆகலீன்னா நல்லதுதானுங்களே அம்மிணி."

"நல்லதுதானுங்க. ஆனா இது நல்லதில்லீங்க. வந்து பாருங்க."

யோகப்பிரியா கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஒன்பது வருடம் டிசைன் வேலை பார்த்தவள். அப்பா குப்பண்ணன் போன பிறகு ஊருக்குத் திரும்பி, தோப்பில் தேங்காய் உலர்த்தும் ஷெட்டைக் காலி செய்து லேத்தும் மில்லிங் மிஷினும் போட்டாள். போர்வெல் மோட்டார் ரிப்பேர் அவளுக்குச் சோறு போட்டது. மிச்ச நேரமெல்லாம் அந்த எஞ்சின். மலையேற்றப் பந்தயத்துக்குத் தன் காரில் பூட்ட, தானே செய்துகொண்டிருந்தாள்.

அது பிஸ்டன் இல்லாத எஞ்சின். இடுப்பு சிறுத்த முட்டை போன்ற அறைக்குள் முக்கோணமாக ஒரு ரோட்டார் சுற்றும். பழைய ஜப்பான் கார்களில் இப்படி இரண்டு அறை இருக்கும். இவள் இரண்டு பழைய எஞ்சின்களைப் பிரித்து மூன்று அறையாகக் கோத்திருந்தாள். அறைக்கும் அறைக்கும் நடுவில் கனமான வார்ப்பிரும்புத் தகடு. எல்லாவற்றையும் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டும்.

இந்த ஜாதி எஞ்சினில் நெருப்பு எப்போதும் ஒரே பக்கத்தில்தான் பிடிக்கும். அந்தப் பக்கம் கொதிக்க, எதிர்ப்பக்கம் ஆறிக் கிடக்கும். மூன்று அறை என்றால் நடு அறையின் பாடு இன்னும் மோசம். இரண்டு பக்கமும் அடுப்பு எரிகிற வீட்டில் நடுவில் படுத்திருப்பவன் கதிதான் அதற்கு. முதல் தடவை ஏழாவது நிமிடத்தில் நடு அறையின் ரப்பர் வளையம் கருகித் தண்ணீர் நெருப்புக்குள் போனது. லாரி கோர் வைத்துப் பெரிய ரேடியேட்டர் செய்து கொடுத்தேன். பதினோராவது நிமிடத்தில் கருகியது. மூன்றாம் தடவை தகடே வளைந்துவிட்டது.

வளைந்த தகட்டுக்குப் பதிலாக உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது என்று வாங்கி வந்தாள். யாரோ கையால் வேலை செய்திருந்த தகடு. ஓரம் முழுக்கத் தண்ணீர் போகக் கூடுதல் துளைகள், ஒவ்வொன்றின் வாயும் அரம் போட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கியிருந்தது. அதைப் பூட்டி இது பத்தாவது ஓட்டம்.

நான் போனபோது எஞ்சின் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. காதுக்கு மூடி போட்டிருந்த யோகப்பிரியா மீட்டர்களைக் கை காட்டினாள். முதல் அறை தொண்ணூற்று நாலு. மூன்றாம் அறை தொண்ணூற்றேழு. நடு அறை முப்பத்தொன்று.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தபோதெல்லாம் மீட்டர் கெட்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது என் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அதுவும் முப்பத்தொன்றுதான் காட்டியது. ஷெட்டுக்குள்ளேயே முப்பத்தேழு டிகிரி வெக்கை. காற்று முப்பத்தேழு என்றால், அந்தக் காற்று படுகிற எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அதற்குக் கீழே இறக்க முடியாது. நான் செய்தாலும் முடியாது, ஜப்பான்காரன் செய்தாலும் முடியாது. விரலை நடு அறை மேல் வைத்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி வெளியே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "நடு அறைக்குப் போற பெட்ரோலைத் தனியா அளந்தேனுங்க. மத்த ரெண்டும் குடிக்கற அதே அளவுதான். எரியறதும் ஒழுங்கா எரியுது. அத்தனை நெருப்பும் எங்கண்ணா போகுது?"

நான் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒழுக்கில்லை.

தகட்டின் ஓரத்தில் உளியால் எழுத்து வெட்டியிருந்ததை அவள் முதல் நாளே போட்டோ எடுத்து வைத்திருந்தாள். 'பெ.மு. பள்ளிவாசல்.' மறையூருக்கு அப்பால் மலையில் இருக்கிற தேயிலை ஊர் அது.

"இந்த மனுசனைக் கண்டுபிடிச்சுக் கேட்டாப் போதுமுங்க. இன்னொரு தகடு இதே மாதிரி வேணும். ஞாயித்துக்கிழமை நீங்க போறீங்களா? பன்னெண்டு மணிக்கு நான் நாப்பது நிமிசம் முழு லோடுல ஓட்டிப் பாத்துடறேன். அதுல தாங்கிட்டா கார்ல ஏத்திரலாம்."

விடியும் முன் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகப் பள்ளிவாசல் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகியிருந்தது. சாயாக் கடையில் நின்றிருந்த சிஜு என்ற பிக்கப் டிரைவரிடம் போட்டோவைக் காட்டினேன்.

"இது நம்ம பெரியமுத்து ஃபிட்டர் அல்லே! ஆளுக்கு இப்போ தீரே சுகமில்ல சேட்டா. மேல லயத்துல, கடைசி வீடு."

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குத் தேயிலைச் சரிவில் ஏறினேன். மலையிலிருந்து இறங்கும் பவர்ஹவுஸ் குழாய்கள் எதிரே தெரிந்தன. கடைசி வீட்டு வாசலில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெரியமுத்துவின் மகள் கிருத்திகா. எஸ்டேட் ஆபீசில் வேலை.

உள்ளே கட்டிலில் பெரியமுத்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கை மட்டும் ஃபிட்டர் கையாகவே இருந்தது. நன்றாகத்தான் பேசினார். எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்தார். தகட்டைப் பற்றிக் கேட்டதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிருத்திகா என்னை வெளியே கூட்டிவந்தாள்.

"அத நான்தாண்ணே போட்டேன். அப்பா ஆசுபத்திரியில இருந்தப்ப, பழைய இரும்பு வாங்குற ஆக்கர்காரன்கிட்ட எடுத்துக் குடுத்துட்டேன். அது வீட்ல இருந்தா அப்பா வேற எதையும் பாக்க மாட்டாக. ராவும் பகலும் மடியில வச்சு அரம் போட்டுக்கிட்டே இருப்பாக."

"அவங்களுக்கு உடம்புக்கு என்னங்க?"

"காய்ச்சல்னு சொல்ல முடியல. திடீர்னு மேலு கொதிக்கும். பத்து நிமிசம், கால் மணி நேரம். தொட்டாக் கை பொத்துப்போகும்ணே. அப்புறம் தானா நின்னுரும். ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்காக. டிஸ்பென்சரி நர்சு, வர்ற நேரத்தையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னாக."

எழுதி வைத்திருந்த காலண்டரை எடுத்து வந்து காட்டினாள். தேதிக் கட்டங்களில் பேனாவால் மணி குறித்திருந்தது. நான் சும்மாதான் பார்த்தேன். எட்டாம் தேதி மூன்று பத்து. பதினொன்றாம் தேதி காலை பத்தரை. அந்தப் பத்தரை எனக்கு ஏற்கெனவே தெரிந்த பத்தரையாகத் தோன்றியது. போனை எடுத்தேன். யோகப்பிரியா அனுப்பிய மீட்டர் போட்டோக்களில் நேரம் இருந்தது. எட்டாம் தேதி மூன்று பத்து. பதினொன்றாம் தேதி பத்து முப்பத்திரண்டு. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். காலண்டரில் பத்துக் குறிப்பு. போனில் பத்து போட்டோ. ஒன்றுகூடத் தவறவில்லை.

"என்னண்ணே, ஒரு மாதிரி ஆயிட்டீக?"

மணி பார்த்தேன். பதினொன்று ஐம்பத்தாறு. யோகப்பிரியாவைக் கூப்பிட்டேன். போனில் ஒரு கோடு ரேஞ்சுகூட இல்லை.

"ரேஞ்சு எங்கே கிடைக்கும்?"

"மேல, குருசடி வளைவுலதான்..." என்று அவள் சொல்லி முடிக்கும் முன் உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

ஓடிப் பார்த்தோம். பெரியமுத்து மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. கிருத்திகா துண்டை நனைத்து நெஞ்சில் போட்டாள். எங்கள் கண் முன்னாலேயே துண்டின் ஓரம் வெளுத்துக்கொண்டு வந்து, முழுவதும் காய்ந்து மொறமொறப்பாகிவிட்டது. அறை முழுக்க ஒரு வாசம். எண்ணெயும் பெட்ரோலும் சூடான இரும்பும் கலந்த, எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம். அந்த வீட்டில் எஞ்சின் எதுவும் கிடையாது.

அவர் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "ஏத்து... இன்னும் ஏத்து... நான் இருக்கேன்..."

"தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க!" என்று கத்திவிட்டு மேட்டில் ஏறினேன். தேயிலைச் செடிகள் காலைக் கிழித்தன. இரண்டு முறை விழுந்தேன். வளைவில் போன் உயிர் பெற்றது. மணி பன்னிரண்டு எட்டு.

யோகப்பிரியா எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. காதில் மூடி போட்டுக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நிற்பவளுக்கு எப்படிக் கேட்கும்? அவள் அம்மா பொன்னாத்தாளின் நம்பரைத் தேடி எடுத்தேன்.

"ஏந்தம்பி ஷஹீரு, சோறு உண்டாச்சுங்களா?"

"அம்மா, ஷெட்டுக்கு ஓடுங்க. யோகாவை எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க."

"அது ஓடறப்ப கிட்ட வந்தா அவ வைவாளே சாமி."

"ஒரு உசுரும்மா! போனை வெக்காம ஓடுங்க!"

அவர் மூச்சிரைப்பதும் தென்னை மட்டைகள் மிதிபடுவதும் கேட்டன. பிறகு எஞ்சின் சத்தம், முதலில் வண்டு மாதிரி, போகப் போகப் பெரிதாகி, போனே அதிரும்படி. பொன்னாத்தாள் ஏதோ கத்தினார். சத்தம் தடுக்கி, அடங்கி, நின்றது.

கீழே லயத்திலிருந்து கிருத்திகாவின் அலறல் அதுவரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஷஹீரண்ணா?" போனில் யோகப்பிரியாவின் குரல். "என்னாச்சுங்க? பன்னெண்டு நிமிசம் ஓடிருச்சு. நடு அறை இருபத்தொம்பது. சூப்பரா போயிட்டிருந்துச்சு."

"இனி அதைத் தொடாதீங்க அம்மிணி. வந்து சொல்றேன்."

திரும்பி லயத்துக்கு இறங்கினேன். கட்டிலும் தரையும் தண்ணீரில் மிதந்தன. பெரியமுத்து உயிரோடு இருந்தார். நெஞ்சிலும் தோளிலும் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. என்னைப் பார்த்து வருத்தத்தோடு கேட்டார்:

"ஏன் தம்பி நிப்பாட்டிட்டான்?"

"யாருங்க?"

"நவீன். நல்லாத்தானே போயிக்கிட்டிருந்தான். நடுவுல சூடே ஏறலையே. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்ல."

நவீன்குமார் அவர் மகன் என்று கிருத்திகா சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா கட்டிய இதே ஜாதி எஞ்சினோடு எஸ்டேட் ரோட்டில் பந்தயம் ஓட்டியவன். முதல் சுற்று முடிந்து வரும்போதே சூட்டு முள் மேலே நின்றதாம். அப்பாவைப் பார்த்து, நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டிருக்கிறான். பெரியமுத்து, போ போ என்று கையைக் காட்டியிருக்கிறார். அடுத்த வளைவில் வண்டி எரிந்துபோனது. கதவு திறக்கவில்லை.

"அன்னைலருந்து ஒரே பேச்சுதாண்ணே," என்றாள் கிருத்திகா. "'அந்தச் சூடு எனக்கு வந்திருக்கக் கூடாதா, எனக்கு வந்திருக்கக் கூடாதா'ன்னு. எரிஞ்ச வண்டியிலருந்து அந்தத் தகட்டக் கழட்டிக் கொண்டாந்து, அதச் சொல்லிச் சொல்லித்தான் ஓட்டை போட்டாக."

யோகப்பிரியா நான் சொன்னதை நம்பவில்லை. கோபப்படவும் இல்லை. இரண்டு நாள் எடுத்து எஞ்சினைப் பிரித்தாள். தகட்டைக் கழுவி, ஊசி மாதிரி மெல்லிய கேமராவைத் துளைகளுக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு என்னை வரச் சொன்னாள். நான் போனபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் கிடந்தது.

"மொத்தம் பதினாலு ஓட்டைங்க. வாய்தான் இருக்குது. ஒண்ணுகூட மறுபக்கம் வரைக்கும் போகலீங்க. விரல் கனம் இரும்பு அடைச்சுட்டு நிக்குது, எல்லாத்துலயும். பாதியிலேயே விட்டுட்டாருங்க. இதுல தண்ணியே ஓடலண்ணா. ஒரு நாளும் ஓடல."

தோப்பில் ஏதோ மட்டை விழுந்தது. இருவருமே திடுக்கிட்டோம்.

"நான் அந்த மனுசனை எரிச்சிருக்கேனுங்க," என்றாள். "பதினோரு தடவை."

புதுத் தகடு வார்த்துக் கடைய ஒரு மாதம் ஆனது. நானும் என் முறையை மாற்றினேன். ஒரு வாயில் தண்ணீர் விட்டு மூன்று அறையையும் சுற்றவிடாமல், ஒவ்வொரு அறைக்கும் தனிக்குழாய் போட்டு, நெருப்புப் பிடிக்கும் பக்கத்தில் முதலில் தண்ணீர் போகும்படி செய்தேன். மேல் மூலையில் ஆவி தங்காமலிருக்க அங்கிருந்து ஒரு சின்ன டியூப். நடு அறை தொண்ணூற்றெட்டில் நின்றது. அந்த எண்ணைப் பார்த்து அப்படி ஒரு நிம்மதி. பள்ளிவாசலுக்குப் போன் செய்தேன். "அப்பா சுகமா இருக்காக," என்றாள் கிருத்திகா. அப்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பழைய தகட்டைத் தன்னிடமே கொடுக்கச் சொல்லிப் பெரியமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். எஞ்சின் இல்லாத இடத்தில் அது இருப்பதே நல்லது என்று எங்களுக்கும் பட்டது. பழைய இரும்பில் போட்டால் உலையில் உருக்குவார்கள். அதை நினைக்கவே முடியவில்லை. பங்குனிக் கடைசியில் நானும் யோகப்பிரியாவும் கொண்டுபோனோம்.

அவர் அதை வாங்கி மடியில் வைத்துத் தடவினார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"முழு லோடுல எத்தனை நின்னுச்சு தாயி?"

"இருபத்தொம்பதுங்க ஐயா."

"அப்ப நான் போட்ட வழி சரிதானா?"

எண் விஷயத்தில் யோகப்பிரியா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அரை டிகிரி தப்பென்றாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அவள் குனிந்து தகட்டின் ஒரு துளை வாயை விரலால் தொட்டாள்.

"சரிங்க ஐயா. நீங்க போட்ட வழியெல்லாம் சரிங்க."

பெரியமுத்து தலையை ஆட்டினார். முகம் அப்படித் தெளிந்தது.

நான்காம் நாள் கிருத்திகா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள். "வேலை முடிஞ்சு வந்து பாக்கேன், தகட்டக் கேஸ் அடுப்பு மேல வச்சுப் பத்த வச்சிருக்காகண்ணே. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு, மேலெல்லாம் செவந்து, சிரிக்காக. கேட்டா, 'சத்தம் போடாத, நவீன் வளைவுல வர்றான்'ங்காக. தகடு ஜில்லுனு இருக்கு. அடியில தீ எரியிது, தகடு ஜில்லுனு இருக்கு!"

அன்று சாயங்காலமே அவள் யாரையும் கேட்காமல் தகட்டைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போய், பாலத்தின் மேலிருந்து முதிரப்புழை ஆற்றில் போட்டுவிட்டாள்.

பெரியமுத்து கோபிக்கவில்லை. இரவு ஒரு கம்பளி கேட்டார். மறுநாள் இன்னொன்று. ஒரு வாரத்தில் இரண்டு ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார். டிஸ்பென்சரியில் வைத்துப் பார்த்தால் தெர்மாமீட்டர் முப்பத்துநாலைத் தாண்டவில்லை. அந்த ஆற்றுத் தண்ணீர் சித்திரையிலும் கையை வைத்தால் மரத்துப்போகும்.

தண்ணீர் இறங்கிய நேரம் பார்த்து நானும் யோகப்பிரியாவும் சிஜுவும் பாலத்தின் கீழே இரண்டு நாள் தேடினோம். கயிற்றில் காந்தம் கட்டி விட்டுப் பார்த்தோம். கம்பித் துண்டுகளும் ஒரு குக்கர் மூடியும் வந்தன. தகடு வரவில்லை. மணல் எங்கே இழுத்துப்போனதோ.

மலைக் குளிர் அவருக்கு ஆகாது என்று யோகப்பிரியாதான் அவரை வடகரப்பதிக்குக் கூட்டிவந்தாள். ஷெட்டை ஒட்டிய அறையில் இருக்கிறார். பாலக்காட்டு வெயிலில், நாங்கள் சட்டையைக் கழற்றி விசிறிக்கொள்ளும்போது, அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் நிற்பார். பொன்னாத்தாள் மணிக்கொரு தரம் சுக்குக் காப்பி கொடுப்பார்.

எஞ்சின் ஓட்டும் நாளில் அவருக்குத் தனி ஸ்டூல் உண்டு. போன வாரம் நான் இருந்தபோது, சைலன்சர் செக்கச்செவேலென்று ஆகும்வரை யோகப்பிரியா ஓட்டினாள். அவர் இரண்டு கையையும் அதன் எதிரே விரித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆனதும் அவள் காது மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து கேட்டாள்:

"போதுங்களா ஐயா?"

அவர் கையை எடுக்கவில்லை. பல் தந்தியடித்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டு தாயி," என்றார்.